ஒரே வகுப்பு, ஒன்டாரியோவில் ஆளுக்கொரு வேலை

படிப்பு முடிந்து பதினைந்து வருடம் கழித்து இன்ஜினியரிங் பேட்ச் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தால், கனடா போனவர்கள்தான் அதிகம் வியக்க வைப்பார்கள். ராங்க் வாங்கியவர் ஒன்டாரியோ மாகாணத்தின் பிராம்ப்டனில் டிரெய்லர் ஓட்டுகிறார். கடைசி செமஸ்டர் வரை அரியர் வைத்திருந்தவர் எலக்ட்ரீஷியன். எதிலும் முன்னால் தெரியாத ஒருவர் பி.எஞ் (உரிமம் பெற்ற பொறியாளர்) முத்திரையோடு வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிறார். தலையெழுத்து என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒன்டாரியோவில் பாதைகள் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்திலேயே பிரிந்துவிடுகின்றன. எந்த உரிமத்துக்கான வேலையை எப்போது தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து அது அமைகிறது.

முதல் குழப்பம் ஈசிஏ, அதாவது வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் அறிக்கை. குடியேற்றத்துக்காக வெஸ் போன்ற நிறுவனத்திடம் வாங்கும் அந்தத் தாள், நம் பி.இ. கனடா இளங்கலைப் பட்டத்துக்குச் சமம் என்று மட்டும் சொல்கிறது. ஐந்து வருடம் செல்லும். அதை வைத்து "இன்ஜினியர்" என்று பெயருக்குப் பின்னால் போட முடியாது. அந்தப் பெயர் சட்டப்படி, ஒன்டாரியோவில் பொறியாளர்களுக்கு உரிமம் தரும் அமைப்பான பிஇஓவின் உரிமம் பெற்றவர்களுக்கே உரியது. உரிமம் உள்ள ஒருவர் பொறுப்பேற்றால் அவருக்குக் கீழே டிசைனர், கோஆர்டினேட்டர் என்று வேலை பார்க்கலாம். நுழைய நல்ல வாசல் அது.

பிஇஓவில் பலர் கோப்பைக் கிடப்பில் போட்டதற்குக் காரணம், 12 மாதக் கனடா அனுபவம் வேண்டும் என்ற பழைய விதி. 2023 மே மாதம் அது நீக்கப்பட்டது. முன்பே வந்து மனம் தளர்ந்தவர்கள் திரும்ப விண்ணப்பிக்க வேண்டிய நேரம் இது. 48 மாதப் பொறியியல் அனுபவம் இப்போதும் வேண்டும். என்பிபிஇ என்ற தொழில்முறைத் தேர்வும் உண்டு: 110 கேள்விகள், இரண்டரை மணி நேரம். கணக்கு எதுவும் வராது, தொழில் நெறியும் சட்டமும்தான்.

ஆள் விழுவது அனுபவத்தை எழுதும் இடத்தில். பிஇஓ பட்டியலிடும் 34 திறன்களுக்கும் சூழல், நீங்கள் செய்தது, விளைவு என்று எழுத வேண்டும். வேலையை நேரில் அறிந்தவர்கள் அதை உறுதிசெய்ய வேண்டும். நாம் பணிவாக "எங்கள் குழு பம்ப் தேர்வு செய்தது" என்று எழுதிவிடுகிறோம். அந்த வரியால் பயனில்லை. "உறிஞ்சு பக்கத்தில் அழுத்தம் போதவில்லை என்று கணக்கிட்டேன், குழாயை 100 மி.மீ.யிலிருந்து 150 ஆக மாற்றச் சொன்னேன், பம்பில் குமிழ் அரிப்பு நின்றது" என்பது போல எழுதினால்தான் அது உங்கள் அனுபவமாக எண்ணப்படும்.

ஐடி ஆட்களுக்கு உரிமத் தொல்லை இல்லை, அதனால் சீக்கிரம் நிலைத்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு வாடகை காத்திருக்காது. வேர்ஹவுஸ் நைட் ஷிப்ட் தொடங்குகிறது, பகலில் தூக்கம், படிப்பு நின்றுபோகிறது. ஓவர்டைமைவிடத் தேர்வுக்கு இடம் விடும் ஷிப்ட்தான் முக்கியம்.

டிரக் பக்கம் போக முதலில் முழு ஜி (கார்) உரிமம் வேண்டும். இந்திய ஓட்டுநர் அனுபவத்தை உறுதிப்படுத்தும் அதிகாரபூர்வக் கடிதம் இல்லாவிட்டால் 12 மாதம்தான் கணக்கில் வரும். நேராக ஜி சாலைத் தேர்வுக்குப் போக 24 மாதம் தேவை. பிறகு டிரெய்லர் லாரி ஓட்டும் ஏஇசட் உரிமத்துக்குக் குறைந்தது 103.5 மணி நேர மெல்ட் (கட்டாயத் தொடக்கநிலை) பயிற்சி, ஏர் பிரேக் தேர்வு. கௌரவமான தொழில், குடும்பத்தைத் தாங்கும். ஆனால் "சொந்தக் கம்பெனி பதிந்துகொள், காசோலை அதற்குத் தருகிறோம்" என்று ஒரே முதலாளி சொன்னால் யோசியுங்கள். டிரைவர் இன்க் என்று பேர் வாங்கிய இந்த ஏற்பாட்டில் வேலையிழப்புக் காப்பீடும் கிடையாது, விடுமுறைச் சம்பளமும் கிடையாது. வரித்துறை பிறகு கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டுநர்தான்.

எலக்ட்ரீஷியன் பாதை, அதாவது 309ஏ என்ற எண்ணுள்ள தொழில், இஇஇ படித்தவர்களை இழுக்கிறது. ஏறத்தாழ 9,000 மணி நேரப் பயிற்சி, அதில் 720 வகுப்பறை, மூன்று கட்டமாக. வகுப்புக் காலத்தில் தகுதி இருந்தால் இஐ (வேலையிழப்புக் காப்பீடு) பணம் வாங்கலாம். கடைசியில் 70 சதவீதம் எடுக்க வேண்டிய தேர்வு. ஊரில் செய்த வேலையைக் கணக்கில் சேர்க்க இத்தகைய தொழில்களுக்குச் சான்று தரும் அமைப்பான ஸ்கில்டு டிரேட்ஸ் ஒன்டாரியோவின் சமநிலை மதிப்பீடு இருக்கிறது. சைட் இன்ஜினியராகப் பத்து வருடம் மேற்பார்த்தவருக்கு அங்கே ஏமாற்றம் வரலாம், ஏனென்றால் கருவியைக் கையில் பிடித்த மணி நேரங்களைத்தான் கேட்கிறார்கள்.

கை பழகியதே ஆபத்தாவதும் உண்டு. நம் ஊர் வயரிங்கில் கறுப்பு நியூட்ரல். கனடாவில் 120 வோல்ட் சர்க்யூட்டில் கறுப்புதான் கரண்ட் வரும் கம்பி, வெள்ளை நியூட்ரல், பச்சையோ வெறும் செம்போ எர்த். இருபது வருடப் பழக்கத்தில் கறுப்பைத் தைரியமாகத் தொடும் கை அங்கே அடி வாங்கும். நிறத்தை நம்பாமல் ஒவ்வொரு முறையும் டெஸ்டர் வைப்பதை முதல் நாளிலேயே பழக வேண்டும்.

வேலை தேடுபவர்களுக்கு ஒரு நல்ல மாற்றம்: 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் ஒன்டாரியோவில் வெளியிடும் விளம்பரத்தில் "கனடா அனுபவம் வேண்டும்" என்று போடக்கூடாது.

எந்தப் பாதையானாலும் பழைய நிறுவனத்தின் கடிதம் வேண்டும். லெட்டர்ஹெட், சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கையால் செய்த வேலைகள், கையெழுத்திட்டவரின் பதவி, அலுவலக மின்னஞ்சல் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து எழுதும் மெயிலுக்கு ஹெச்ஆர் பெரும்பாலும் பதில் போடாது. அதே நிறுவனத்தில் இன்னும் இருக்கும் வகுப்புத் தோழர் நேரில் போய்க் கேட்டால் ஒரு வாரத்தில் கிடைத்துவிடும். பேட்ச் குழுவில் அப்படி ஒரு கோரிக்கை வந்தால் தயவுசெய்து அன்றே எழுந்து போய்க் கேளுங்கள். அந்த ஒரு தாளுக்காக அங்கே ஒருவருடைய விண்ணப்பம் நின்றுகொண்டிருக்கும்.