பாதிரியார் ஆடிய பெட் மேட்ச்

ராயபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்கு பெட் மேட்ச்தான், காசு கட்டி ஆடும் கிரிக்கெட். தலைக்கு இருபது ரூபாய். பூசை முடிந்ததும் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு எங்கள் உதவிப் பங்குத்தந்தையும் வந்துவிடுவார். காசு எண்ணும்போது மட்டும் கடல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். "நான் ஒண்ணும் பாக்கலப்பா."

அந்தக் கால இங்கிலாந்தின் கிரிக்கெட் பாதிரியார் லார்டு ஃபிரெடரிக் போக்ளேர் அப்படித் திரும்பி நிற்கிற ஆள் இல்லை. 1773-ல் பிறந்த பிரபு வீட்டுப் பிள்ளை, இரண்டாம் சார்லஸ் மன்னரின் வம்சம், செயின்ட் ஆல்பன்ஸில் ஆங்கிலிகன் பாதிரியார். பெயருக்கு அமெச்சூர், அதாவது சம்பளம் வாங்காமல் ஆடுபவர்; பந்தயத்தில் வருடத்துக்கு 600 கினி (அந்தக் கால இங்கிலாந்துப் பொற்காசு) வரை பார்த்தார் என்பார்கள். நடு ஸ்டம்பில் தன் தங்கக் கடிகாரத்தைத் தொங்கவிட்டு, முடிந்தால் அடி என்று நிற்பாராம். எங்கள் தெருவில் அதைச் செய்திருந்தால் பந்து வருவதற்கு முன்பே கடிகாரம் போயிருக்கும்.

1810-ல் இரண்டுக்கு இரண்டு பேர் ஆட்டம், பந்தயம் 50 கினி. போக்ளேரும் ஹோவர்டும் ஒரு பக்கம், ஆஸ்பல்டெஸ்டனும் லாம்பர்ட்டும் மறுபக்கம். ஆஸ்பல்டெஸ்டனுக்கு உடம்பு முடியவில்லை, தள்ளி வைக்கலாம் என்று கேட்டார். ஆடு, இல்லையென்றால் காசை வை என்றுவிட்டார் பாதிரியார். இதே வசனத்தை நானும் கேட்டிருக்கிறேன். எங்கள் ஓப்பனருக்கு மஞ்சள்காமாலை வந்த வாரம், பத்துப் பேரோடு ஆடித் தோற்றோம்.

லாம்பர்ட் தோற்கவில்லை. தனியாளாக நின்று, எட்டாத தூரத்திலேயே பந்தை வீசிக்கொண்டிருந்தார். அன்று வைடுக்கு ரன் கிடையாது. போக்ளேர் கடுப்பேறி நிதானம் இழந்த நேரம் பார்த்து ஒரு நேர் பந்து. அவுட். ஆட்டமும் லாம்பர்ட்டுக்கே. எங்கள் ஏரியாவில் பிறந்திருக்க வேண்டிய மூளை! அடுத்த வருடமே, 1811-ல், வைட் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

பாதிரியார் மறக்கிற ஆளா என்ன? 1817-ல் நாட்டிங்காம் ஆட்டத்தைக் காசுக்கு விட்டுக்கொடுத்ததாக லாம்பர்ட்டை லார்ட்ஸ் மைதானத்தில் ஆடவிடாமல் தடை செய்தார்கள். அதில் போக்ளேர் கையும் இருந்தது. 1826-ல் அவரே எம்.சி.சி. தலைவர், லார்ட்ஸில் இருக்கும் மெரில்போன் கிரிக்கெட் கிளப்தான் அது.

போன மாதம் எங்கள் ஃபாதர் இந்தப் பக்கம் வந்திருந்தார். தலையெல்லாம் நரைத்துவிட்டது. டீக்கடையில் நின்றபடி கதை முழுவதையும் சொன்னேன். சூதாட்டத்துக்கு ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்தக் கடிகாரம் விழுந்துச்சா, இல்லையா?"