அடுப்புக்கும் தட்டுக்கும் இடையிலான நேரம்

என் பெற்றோரின் ஐம்பதாவது திருமண நாளை, நெருக்கமானவர்கள் தொண்ணூறு பேருடன் ஒரு விருந்தாக நடத்துவது என்று நாங்கள் மூன்று பிள்ளைகளும் முடிவு செய்தபோது, இடம் பார்க்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்தில் நடந்த இன்னொரு விழாவுக்கும் இடம் பார்த்தவன் நான்தான். உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட ஒரு மண்டபம். உள்ளே நுழைந்த சில நிமிடங்களிலேயே மனம் அங்கே நின்றுவிட்டது. ருசி பார்க்க அழைத்த நாளில் நான்கு சிறிய தட்டுகளில் வந்தவை எல்லாமே மிக நன்றாக இருந்ததால், மேற்கொண்டு எதையும் விசாரிக்காமல் முன்பணம் கொடுத்துவிட்டேன். விழா நாளன்று அதே பெயர்களுடன் வந்த உணவு ஆறிப்போயிருந்தது, பொரித்தவை நமுத்துப்போயிருந்தன. நெடுந்தூரம் பயணம் செய்து வந்திருந்த என் பெரிய அத்தை தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு, என் முகம் வாடக் கூடாது என்பதற்காக வயிறு நிறைந்துவிட்டதாகச் சொன்னார். அவர் சொன்னது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த மண்டபத்தில் சமையற்கூடம் என்று எனக்குக் காட்டப்பட்ட அறையில் அடுப்பே கிடையாது; பாத்திரங்களை இறக்கி வைத்துப் பரிமாறுவதற்கான அறை அது. உணவு வேறோர் இடத்தில் பிற்பகலிலேயே சமைக்கப்பட்டு, வண்டியில் ஏறி, மூடிய பாத்திரங்களில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்து எங்களிடம் வந்திருக்கிறது. ருசி பார்த்த நாளிலோ, நான் உட்கார்ந்திருந்த மேசைக்கும் அடுப்புக்கும் இருபது அடி தூரம்கூட இல்லை. சமையற்காரர் அதே ஆள், செய்முறை அதே செய்முறை, மாறியது நேரம் மட்டுமே. எனவே இம்முறை, உணவு அடுப்பிலிருந்து இறங்கி விருந்தினர் வாய்க்குப் போகும்வரை எவ்வளவு நேரம் ஆகும் என்பதையே ஒவ்வோர் இடத்திலும் முதல் கேள்வியாகக் கேட்பது என்று முடிவு செய்தேன். இதைக் கேட்டவுடன் நிமிடக் கணக்கில் பதில் சொல்லக்கூடியவர்களிடம் மட்டுமே பேச்சைத் தொடர்ந்தேன்.

விருந்துக்கு வாடகைக்குக் கிடைக்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று வகைப்படும்: உணவகத்துக்குள் இருக்கும் தனி அறை, சொந்தச் சமையற்கூடமும் சமையற்குழுவும் உள்ள மண்டபம், இடத்தை மட்டும் கொடுத்துவிட்டு உணவுக்கு வெளியாட்களை அழைத்துக்கொள்ளச் சொல்லும் கூடம். உணவே முதன்மை என்றால், நாற்பது பேர் வரை உணவகத்தின் தனி அறைதான் என் தேர்வாக இருக்கும். ஏனென்றால் அங்கே அடுப்பு அன்றாடம் எரிகிறது, சமைப்பவர்கள் அந்த அடுப்புக்குப் பழகியவர்கள், தட்டு கை மாறும் தூரமும் குறைவு. ஆனால் பொது வாடிக்கையாளர்கள் நிரம்பி வழியும் நேரத்தில் நம் விருந்தும் அதே அடுப்புக்காகப் போட்டியிட நேரும் என்பதால், நமக்கென்று தனியாகச் சமையற்காரர் ஒதுக்கப்படுகிறாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது வகைக்குப் போகிறவர்கள் சமைப்பவரை ஒருமுறை அந்தக் கூடத்துக்கே நேரில் அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே எரிவாயு அடுப்பு மூட்ட அனுமதி உண்டா, தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது, சூடாக்கும் கருவிகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் போட்டால் மின்சாரம் தாங்குமா, வண்டி நிற்கும் இடத்திலிருந்து பாத்திரங்கள் படியேற வேண்டுமா லிஃப்டில் போகலாமா என்பனவற்றையெல்லாம் அவர் கண்தான் பார்க்கும். நம் கண் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நேரத்தைப் பற்றி இவ்வளவு பேசுவது சுவைக்காக மட்டும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட பாதுகாப்பான உணவுக்கான ஐந்து வழிகளில், சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றும், சூடாக இருக்க வேண்டியதைப் பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும், குளிர்ச்சியாக இருக்க வேண்டியதை 5 டிகிரிக்குக் கீழும் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் நோய்க்கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. பெரிய விருந்துகளுக்கு இதில் ஒரு தனி ஆபத்தும் உண்டு. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதிக்கும் சூட்டிலும் அழியாமல் தங்கிவிடுகின்றன. பெரிய பாத்திரத்தில் இறைச்சியோ கெட்டியான குழம்போ மெதுவாக ஆறும்போது அவை முளைத்து மளமளவென்று பெருகுகின்றன. நூறு பேருக்கான பாத்திரத்தின் நடுப்பகுதி ஆறுவதற்கு, நான்கு பேருக்கான பாத்திரத்தைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். வீட்டில் நாம் கவலைப்படாத ஒன்று விருந்தில் கவலைக்குரியதாக மாறுவது இதனால்தான். ஆகவே முந்தைய நாளே சமைப்பதாகச் சொல்லுகிறவர்களிடம், அதை எப்படி ஆறவைக்கிறீர்கள் என்று தயங்காமல் கேட்கலாம். ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி விரைவாகக் குளிரவைத்து, பரிமாறுமுன் உள்வரை நன்றாகச் சூடாக்குகிறோம் என்று பதில் வந்தால், தொழில் தெரிந்தவரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நம்பலாம். நான் பார்த்த ஓரிடத்தில் தலைமைச் சமையற்காரர் தம் சட்டைப் பையிலிருந்து வெப்பமானியை எடுத்துக் காட்டினார். அந்த மண்டபத்தின் சுவர்களுக்குப் புதிதாக வண்ணம் பூச வேண்டியிருந்தது என்றாலும், அவர் கையிலிருந்த அந்தச் சிறிய கருவி என் மனத்தைப் பெரிதும் சாய்த்தது.

சுவையின் பக்கமும் இதே நேரம்தான் வேலை செய்கிறது. பொரித்த பண்டத்தை மூடிய பாத்திரத்தில் வைத்தால், அதன் உள்ளிருந்து எழும் நீராவியே மேலோட்டை ஊறவைத்துவிடும்; எந்தக் கைதேர்ந்த சமையற்காரராலும் இதைத் தடுக்க முடியாது. பச்சைக் காய்கறிகளை நெடுநேரம் சூட்டில் வைத்திருந்தால் அவற்றின் பச்சையம் சிதைந்து, நிறம் மங்கிப் பழுப்பு கலந்து தோன்றும். மாறாக, மெதுவாக வெந்து சாறு இறங்கிய குழம்பு வகைகளும், பருப்பு சேர்ந்தவையும், அடுப்பிலிருந்து இறங்கிய பின் சற்று நேரம் நின்றால் கூடுதல் சுவை பெறுவதும் உண்டு. எனவே இடத்தையும் மெனுவையும் தனித்தனியாக முடிவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அடுப்பு அருகிலேயே இருக்கும் இடத்தில் பொரித்தவற்றையும் அவ்வப்போது சுட்டெடுப்பவற்றையும் தாராளமாகச் சேர்க்கலாம். உணவு பயணம் செய்துதான் வரும் என்றால், நின்று சுவை கூடும் பண்டங்களையே தேர்ந்தெடுப்பது நல்லது.

ருசி பார்க்கும் நாளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நான்கு பேருக்குச் சமைப்பதும் தொண்ணூறு பேருக்குச் சமைப்பதும் ஒரே திறமை அல்ல. உப்பு, நீர், சூடு எதுவும் நேர்க்கணக்கில் பெருகுவதில்லை. ஆகவே நமக்கென்று தனியாகச் செய்து தரும் மாதிரியைவிட, அந்த இடத்தில் வேறொருவரின் விருந்துக்குச் சமைக்கும் நாளில் அதே பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தரச் சொல்வதே மேல். பல இடங்களில் இதற்கு ஒப்புக்கொள்கிறார்கள். அது முடியவில்லை என்றால், மாதிரிகளைப் பரிமாறும் பாத்திரத்திலேயே வைத்து, மூடி, முக்கால் மணி நேரம் கழித்துக் கொண்டுவரச் சொல்லலாம். நான் இப்படிக் கேட்டபோது இரண்டு இடங்களில் முகம் சுளித்தார்கள். மூன்றாவது இடத்தில், நான் சட்டைப் பையில் வெப்பமானியைப் பார்த்த அதே சமையற்காரர், எதற்காகக் கேட்கிறேன் என்பதை உடனே புரிந்துகொண்டு, அப்படியானால் இந்த இரண்டு பண்டங்களை மாற்றிவிடலாம் என்று தாமாகவே சொன்னார். இவரிடம் விருந்தை ஒப்படைக்கலாம் என்று நான் முடிவு செய்தது அந்த நொடியில்தான். ருசி பார்க்கும் நாளில் சமைத்தவரே விழா நாளிலும் அடுப்பின் முன் நிற்பாரா என்பதையும் அவரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

பரிமாறும் வேகம் எளிய கணக்குதான் என்றாலும் பலர் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை. பஃபே முறையில் ஒருவர் தம் தட்டை நிரப்பி முடிப்பதில் தமக்கு முன்னால் நிற்பவரைவிட அரை நிமிடம் பின்தங்குகிறார் என்று வைத்துக்கொண்டால், தொண்ணூறு பேர் ஒரே வரிசையில் நின்று முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும்; முதலில் எடுத்தவர் சாப்பிட்டு எழும்போது கடைசியில் நிற்பவர் இன்னும் வெறும் தட்டோடு நின்றிருப்பார். அதே மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தி இருபுறமும் எடுக்கும்படி வைத்தால் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. மேசைக்கே கொண்டுவந்து பரிமாறும் முறையில் எத்தனை பேர் பரிமாறுவார்கள், ஒருவருக்கு எத்தனை மேசைகள் என்று கேட்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: வாழ்த்துரைகள் எப்போது என்பது சமையற்கூடத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். உரை இருபது நிமிடம் நீண்டால், தயாராகிவிட்ட உணவு அந்த இருபது நிமிடமும் காத்திருக்கிறது. நான் இவ்வளவு நேரமாகக் கணக்குப் பார்த்துக் குறைத்த நேரம் அங்கே வீணாகிவிடும்.

மண்டபத்தின் ஓசையையும் கவனித்தேன். வழவழப்பான தரையும் கண்ணாடிச் சுவரும் உயர்ந்த கூரையும் சேர்ந்த இடத்தில் பேச்சொலி எதிரொலித்துத் திரும்புகிறது. சுற்றிலும் இரைச்சல் கூடும்போது மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துகிறார்கள் என்பதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார். ஒருவர் உயர்த்த அடுத்தவரும் உயர்த்த, அரை மணி நேரத்தில் அறை முழுவதும் கத்திப் பேசுவதாக மாறிவிடுகிறது. காது மந்தமாகிவிட்ட பெரியவர்கள் அப்போது பேச்சிலிருந்து விலகிக்கொள்கிறார்கள். திரைச்சீலைகள், தரைவிரிப்பு, மேசைத்துணி ஆகியவை இதை ஓரளவு குறைக்கும். மேசையைப் பொறுத்தவரை, ஐந்தடி வட்ட மேசையில் எட்டுப் பேரும் ஆறடி மேசையில் பத்துப் பேரும் கை இடிக்காமல் உட்காரலாம். இதைவிடக் கூடுதலாக உட்காரவைத்துத்தான் மண்டபத்தின் கொள்ளளவைச் சொல்லுகிறார்களா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

என் தங்கையின் மகனுக்கு எள் ஒவ்வாது. அதனால் ஒவ்வாமை பற்றிய பேச்சை நான் ஒவ்வோர் இடத்திலும் எழுப்பினேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றி உணவகங்களும் தகவல் தர வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. அமெரிக்காவில் பொட்டல உணவுகளில் குறிப்பிட வேண்டிய முக்கிய ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலில் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்து, 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. விதி எப்படி இருந்தாலும், எள் சேர்க்க மாட்டோம் என்ற வாக்குறுதி மட்டும் எனக்குப் போதவில்லை. அதே எண்ணெயில் வேறு எதைப் பொரிக்கிறீர்கள், கரண்டி தனியாக இருக்குமா, விழா நாளில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பொறுப்பானவர் யார், அவர் எங்கே நிற்பார் என்று வரிசையாகக் கேட்டேன். அந்தக் குழந்தைக்கான தட்டு சமையற்கூடத்திலிருந்து மூடியபடி தனியாக வரும் என்று எழுதிக் கொடுத்த பிறகே எனக்கு நிம்மதி வந்தது.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொல்லப்படும் விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடங்குமா, இத்தனை பேருக்குக் குறைந்தால் பணம் குறையாது என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை எது, இறுதி எண்ணிக்கையை எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், நேரம் நீண்டால் மணிக்கு எவ்வளவு, தேதி மாறினால் முன்பணம் என்னவாகும், மிஞ்சும் உணவை எடுத்துச் செல்ல அனுமதி உண்டா ஆகிய அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். மெனுவில் ஒரு பொருள் கிடைக்காமல் போனால் அதற்குப் பதிலாக எதைச் சேர்ப்பார்கள் என்பதையும் நம்மைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

விருந்து நடந்த மாலையில் என் அண்ணனின் வாழ்த்துரை குறித்த நேரத்தைத் தாண்டும் என்று தெரிந்ததும், நான் எழுந்து சமையற்கூடத்துக்குச் சென்று பத்து நிமிடம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன். கடைசிப் பண்டத்தை எண்ணெயில் இடாமல் சமையற்காரர் எனக்காகக் காத்திருந்தார். அப்பாவின் மேசைக்குத் தட்டு வந்தபோது அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. பெரிய அத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒன்றை மட்டும் நான் கணக்கில் சேர்க்கத் தவறியிருந்தேன்: படமெடுத்த இருவரும் இசை வாசித்த மூவரும் மாலை முழுவதும் நின்றுகொண்டே இருந்தார்கள், இறுதி எண்ணிக்கையில் அவர்கள் இல்லை. நிலைமையைச் சொன்னதும் சமையற்கூடத்தில் ஐந்து தட்டுகளை எப்படியோ சேர்த்துக் கொடுத்தார்கள். அடுத்த முறை விருந்தினர் பட்டியலை எழுதும்போது அந்தப் பெயர்களிலிருந்துதான் தொடங்குவேன்.