ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு வழக்கு அனுப்பும்போது கோட்டை விடும் இடங்கள்

புகலிடக் கோரிக்கை ஒரு நாட்டின் கடைசி நீதிமன்றத்திலும் நிராகரிக்கப்பட்டதும், "இனி ஸ்ட்ராஸ்பூர்க்குத்தான் போகவேணும்" என்பார்கள். பிரான்சின் அந்த நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் இன்னொரு மேன்முறையீட்டு மன்றம் அல்ல. உள்நாட்டு நீதிபதி பிழையாகத் தீர்த்துவிட்டார் என்று மட்டும் எழுதினால் அது தலையிடாது. மனித உரிமைகள் சாசனத்தின் எந்தப் பிரிவு, எப்படி மீறப்பட்டது என்று காட்டவேண்டும். ஆனால் அந்த வாதத்தை யாரும் படிக்கும் முன்பே பல கோப்புகள் விழுந்துவிடுகின்றன. விழுத்துவது நாள் கணக்கும் படிவமும்.

முன்பு 6 மாத அவகாசம் இருந்தது. 2022 பெப்ரவரி 1 முதல் அது 4 மாதம். இறுதித் தீர்ப்பு மார்ச் 10 அன்று கையில் கிடைத்தால் ஜூலை 10 நள்ளிரவோடு கதவு சாத்தப்படும். அன்று ஞாயிறா, விடுமுறையா என்பது கணக்கில் இல்லை; துருக்கிக்கு எதிரான சப்ரி கூனெஷ் வழக்கில் மன்றத்தின் உயர் அமர்வான பெருமன்றம் 2012இலேயே இதைச் சொல்லிவிட்டது. "மறுபரிசீலனை மனு போட்டிருக்கு, பதில் வரட்டும்" என்று காத்திருப்பதும் ஆபத்து. வழமைக்குப் புறம்பான அத்தகைய மனுக்கள் பொதுவாகக் கடிகாரத்தை நிறுத்துவதில்லை. ஆள் இன்னும் நாடுகடத்தப்படாத வழக்குகளில் மன்றம் சற்றுத் தளர்வாக நடந்ததுண்டு என்றாலும், அதை நம்பித் தேதியைத் தவறவிடுவது புத்திசாலித்தனம் அல்ல.

விண்ணப்பம் தபாலில்தான் போகவேண்டும். கணக்கில் எடுப்பது தபால் முத்திரைத் தேதியை. மின்னஞ்சலோ தொலைநகலோ அவகாசத்தைக் காப்பாற்றாது.

மன்ற இணையதளத்தில் அன்றைக்கு இருக்கும் படிவத்தையே எடுங்கள். நண்பர் எப்போதோ இறக்கி வைத்தது வேண்டாம். விண்ணப்பம் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் மன்ற விதி 47 கறாரானது. நடந்தவற்றையும் மீறல்களையும் படிவத்துக்குள்ளேயே எழுதவேண்டும். "இணைப்பைப் பார்க்கவும்" என்று மட்டும் எழுதிவிட்டால் விண்ணப்பம் ஏற்கப்படாது. மேலதிக விளக்கத்துக்கு 20 பக்கம்வரை இணைக்கலாம், புதிய முறைப்பாடு எதையும் அதில் சேர்க்க முடியாது. விண்ணப்பதாரர் பேனையால் போட்ட அசல் கையொப்பம் தேவை. சட்டத்தரணி இருந்தால் அவருடையதும். ஆவணங்கள் பிரதிகளாக, தேதி வரிசையில், பக்க எண்ணிட்டு, ஸ்டேப்ளர் அடிக்காமல் இருக்கவேண்டும்.

அதிகம் விடுபடுவது தீர்ப்பின் பிரதி அல்ல, உள்நாட்டு நீதிமன்றத்துக்குக் கொடுத்த மேன்முறையீட்டு மனுவின் பிரதி. அதே முறைப்பாட்டை அங்கே எழுப்பினீர்கள் என்பதை அதை வைத்துத்தான் நிரூபிக்க முடியும். குறை இருந்தால் ஒரு கடிதம் வரும். திருத்தி அனுப்பும் நாளே புதிய தேதியாகும், பழைய தேதி உதவாது. அதனால் கடைசி வாரத்தில் அனுப்புவதே பாதித் தோல்வி.

படிவத்தை எந்த உறுப்பு நாட்டின் ஆட்சி மொழியிலும் நிரப்பலாம். தமிழ் அவற்றில் இல்லை. ஊரிலிருந்து வந்த பொலிஸ் முறைப்பாடு, மருத்துவமனைத் துண்டு எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு சேர்க்கவேண்டும்.

சாட்சியங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். சமாதான நீதவான், கிராம சேவகர், பங்குத்தந்தை என்று கடிதங்களை அடுக்குவது நம்மவர் வழக்கம். "இவர் நாட்டுக்குத் திரும்பினால் உயிராபத்து" என்று ஒரே வார்ப்பில் வரும் மூன்று கடிதங்களைவிட, தழும்பின் அளவு, இடம், அது எப்படி ஏற்பட்டிருக்கலாம் என்று எழுதிய ஒரு மருத்துவ அறிக்கை கனமானது. பிரான்சுக்கு எதிரான ஆர்.ஜே. வழக்கில் (2013) ஓர் இலங்கைத் தமிழரின் தீக்காயங்களை விவரித்த சான்றிதழ்தான் தராசைச் சாய்த்தது: அது எழுப்பிய பலமான சந்தேகத்தைப் பிரெஞ்சு அதிகாரிகள் தீர்க்கவில்லை என்று மன்றம் கண்டது. பிரித்தானியாவுக்கு எதிரான என்.ஏ. வழக்கும் (2008) நம்மவருடையதே. தமிழர் என்பதே போதும் என்று மன்றம் ஏற்கவில்லை. முன்பு கைதானது, அதிகாரிகளின் பதிவில் இருப்பது, தழும்பு ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தே, திருப்பி அனுப்பினால் சித்திரவதையையும் மனிதத்தன்மையற்ற நடத்துகையையும் தடைசெய்யும் 3ஆம் பிரிவு மீறப்படும் என்றது. ஆகவே நாட்டு நிலைமை அறிக்கைகளால் பக்கத்தை நிரப்பாமல், அவை இந்த ஆளை எங்கே தொடுகின்றன என்று எழுதுங்கள்.

நாடுகடத்தும் தேதி நெருங்கிவிட்டால் விதி 39இன் கீழ் இடைக்காலத் தடை கேட்கலாம். இதைத் தொலைநகலிலும் அதற்கென்று இருக்கும் இணையத் தளத்திலும் அனுப்பலாம், மின்னஞ்சல் ஏற்கப்படாது. முதல் பக்கத்திலேயே அவசரம் என்பதும், விமானம் புறப்படும் நாள், நேரம், எண், போய்ச் சேரும் நாடு, உடனே பிடிக்கக்கூடிய தொலைபேசி எண் ஆகியவையும் இருக்கவேண்டும். நிராகரிப்புத் தீர்ப்பின் பிரதி இல்லாமல் கேட்டால் மன்றம் எதை வைத்து முடிவெடுக்கும்? 2025 மே மாதம் இத்தாலி, டென்மார்க் உட்பட 9 நாடுகள், குடியேற்ற வழக்குகளில் மன்றம் எல்லை மீறுகிறது என்று பகிரங்கக் கடிதம் எழுதின. அந்த அரசியல் எப்படிப் போனாலும் 3ஆம் பிரிவுக்கு விதிவிலக்கு கிடையாது.

ஐ.நா. சித்திரவதைக்கு எதிரான குழுவிடம் இதே விடயத்தை ஏற்கனவே கொடுத்திருந்தால் ஸ்ட்ராஸ்பூர்க் ஏற்காது. எங்கே போவது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தொடக்கத்தில் சட்டத்தரணியும் கட்டாயமில்லை. விண்ணப்பம் பற்றி எதிர்த்தரப்பு அரசுக்கு மன்றம் அறிவித்த பிறகுதான் அவர் தேவை, சட்ட உதவிப் பணமும் அப்போதுதான் கேட்கலாம். தனி நீதிபதி ஏற்கமுடியாது என்று முடித்துவிட்டால் மேன்முறையீடு கிடையாது. அனுப்பிய ஆவணங்கள் திரும்பி வராது, எனவே உறையை ஒட்டுமுன் முழுக் கோப்பையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.