லெஸ்டரில் முப்பது பேரை வேறு வைத்தேன்

திரையில் கட்டாயத் திருமணம் பற்றிய பக்கம் வந்தது. மருதாணிக் கையும் சிவப்புச் சேலையுமாக ஒரு பெண்ணின் படம், முகம் தெரியாது. பக்கத்தில் எச்சரிக்கை அறிகுறிகள் என்று ஐந்தாறு வரி. முதல் வரியை நான் வாசிப்பதற்குள் வகுப்பிலிருந்த அத்தனை தலையும் திரையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிவிட்டது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். கடைசி வரிசையில் ஒருத்தி மெதுவாகக் கை தூக்கினாள்.

"மிஸ், உங்க கல்யாணம் வீட்டுல பார்த்து வச்சதுதானே? இப்ப நீங்க நல்லா இருக்கீங்களா?"

நக்கலாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் அக்கறையாகக் கேட்டாள். அதுதான் சுருக்கென்றது. பிள்ளையார்பட்டிக் கோவிலில் வைத்துப் பெண் பார்த்து, தேவகோட்டையில் பந்தல் போட்டு, இரண்டு ஊர் பங்காளிகளும் கூடி நடந்த கல்யாணம் அது. இந்த ஊரில் அதற்கு ஓர் உதவி எண் தருகிறார்கள்.

நான் இங்கே, இங்கிலாந்தின் லெஸ்டருக்கு, வந்தது கெமிஸ்ட்ரி நடத்த. அறிவியல் ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடு என்றார்கள், வந்தேன். வந்த பிறகுதான், வகுப்பாசிரியையாக இருப்பவர் வாரம் ஒரு பாடவேளை பி.எஸ்.எச்.இ. என்கிற வாழ்க்கைக் கல்விப் பாடமும் எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. உடல்நலம், மனநலம், உறவு, போதைப்பொருள், இணையம், பணம், வேலைக்கு வழிகாட்டுதல் எல்லாம் அதற்குள் வரும். ஞாயிறு இரவு ஸ்லைடு மின்னஞ்சலில் வந்து சேரும். திங்கள் காலை நடத்த வேண்டும். உறவும் உடல்நலமும் 2020 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்துப் பள்ளிகளில் கட்டாயம். பாலியல் கல்வி வேண்டாம் என்று பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். உறவும் உடல்நலமும் வேண்டாம் என்று யாரும் விலக முடியாது.

நம் ஊரிலும் இப்படி ஒரு பீரியட் இருந்தது, நீதிபோதனை. அட்டவணையில் மட்டும்தான் இருந்தது. அந்த நேரத்தைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். பயாலஜியில் இனப்பெருக்க மண்டலம் வந்தபோது எங்கள் டீச்சர், "இது ஈஸிதான், வீட்டுல படிச்சுக்கங்க" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போனது உங்களில் பலருக்கும் நடந்திருக்கும். நானும் காரைக்குடியில் பாடம் நடத்திய காலத்தில், அடுத்த வகுப்பு டீச்சர் அதே வார்த்தையைச் சொல்வதைச் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறேன்.

இங்கே வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். அதற்கும் விதிகள் இருக்கின்றன. சொந்தக் கதை சொல்லக்கூடாது, கற்பனையாக ஓர் ஆளை வைத்துத்தான் பேச வேண்டும். பிள்ளை எதையாவது சொல்ல வந்தால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. ஆபத்தான விஷயமாக இருந்தால் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் போயாக வேண்டும். நம் பக்கத்தில் எந்தக் கதையும் "யார்ட்டயும் சொல்லாதே" என்றுதானே ஆரம்பிக்கும். எனக்கு இது பழகக் கொஞ்ச காலம் பிடித்தது.

ஆகவே அன்றைக்கு "எனக்குத் தெரிந்த ஒரு பெண்" என்று ஆரம்பித்தேன். வீட்டில் பார்ப்பது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு. கட்டாயப்படுத்துவது இங்கே 2014-லிருந்து குற்றம். 2023 பிப்ரவரியிலிருந்து 18 வயதுக்குள் கல்யாணமே கிடையாது, பிள்ளையே சம்மதித்தாலும். அந்தப் பெண்ணிடம் கேட்டார்கள், அவள் சரி என்றாள், கோவில் மண்டபத்தில் இருபது நிமிடம் பேசவும் விட்டார்கள் என்றேன்.

"இருபது நிமிஷமா? எங்கம்மா சோபா வாங்கவே அதைவிட நேரம் எடுத்தாங்க மிஸ்."

"அந்தப் பொண்ணு நீங்கதானே மிஸ்?"

"அடுத்த ஸ்லைடு" என்றேன்.

விட்டார்களா? அப்புறம் என்ன ஆயிற்று, மாமியார் வீட்டில் எப்படி, சண்டை வந்ததா என்று ஒரே கேள்வி. சரி என்று வேறு வைத்த கதையைச் சொன்னேன். கல்யாணமான மகனை அதே வீட்டுக்குள் தனிக் குடித்தனம் வைப்பதற்கு எங்கள் நகரத்தார் வழக்கில் வேறு வைப்பது என்று பேர். எனக்கு நடந்தது பேருக்குத்தான். பள்ளத்தூரில் அடுப்பு வைத்துப் பால் காய்ச்சி, இரண்டு வாரத்தில் சென்னைக்கு வண்டி ஏறியாயிற்று. என் ஆத்தாவுக்கு, அதாவது அம்மாவுக்கு, நடந்ததுதான் அசல். ஒரே முகப்பு, ஒரே வளவு, ஒரே சாமி வீடு. ஆனால் இரண்டாங்கட்டில் ஒவ்வொரு மகனுக்கும் தனி அடுப்பு, தனிச் சாமான், தனிக் கணக்கு. வருஷத்துக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் உப்பிலிருந்து தீபாவளிச் சேலை வரை பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தடி தள்ளி மாமியார் குழம்பு கொதிக்கும், நம் அடுப்பில் ரசம் மட்டும் இருக்கும், அவ்வளவுதான்.

வகுப்பில் சத்தமே இல்லை. "அப்படின்னா ஒரே வீட்டுல இருந்துக்கிட்டே தனியாப் போறதா?" என்று ஒரு பையன் கேட்டான். முப்பது வயதாகியும் வாடகை கட்ட முடியாமல் அப்பா வீட்டிலேயே இருக்கும் அண்ணன் இருக்கிறானாம் அவனுக்கு. இதை அவன் ஒரு தீர்வாகவே பார்த்தான்.

அந்த வகுப்போடு விட்டிருந்தால் இதை எழுத வந்திருக்கவே மாட்டேன். சில வாரம் கழித்துப் பணப் பாடம் வந்தது. பி.எஸ்.எச்.இ.யில் இந்தப் பகுதிக்கு மட்டும் மற்றதைப் போலக் கட்டாயம் கிடையாது. அது ஸ்லைடைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு சம்பளச் சீட்டின் படம், வருஷத்துக்கு 12,570 பவுண்டு வரை வருமான வரி இல்லை என்று ஒரு வரி, 18 வயது நிரம்பாதவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 ஆக்கினார்கள் என்று இன்னொரு வரி. பள்ளிக்கூட வயது தாண்டாத பிள்ளைக்கு அந்தக் குறைந்தபட்சமும் பொருந்தாது என்றதும் பேப்பர் போடப் போகிற பையன் ஒருவன் முகம் சுண்டிப்போயிற்று. மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள்.

ஸ்லைடை அணைத்தேன். "உங்களை வேறு வைக்கப் போகிறேன்" என்றேன். இரண்டிரண்டு பேராகப் பிரித்தேன். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று தொடங்கியதுமே ஒருவன், "மிஸ், பதினெட்டு ஆகணும், நீங்கதான் சொன்னீங்க" என்றான். சரி, இருபத்தைந்து வயது, அறைத் தோழர்கள் என்று மாற்றிக்கொண்டோம். ஒவ்வொரு ஜோடிக்கும் மாதம் ஒரு தொகை, ஒரு நோட்டு. இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. வாடகை, கேஸ், பஸ், போன், சாப்பாடு எல்லாம் கடை விலைக்கு. பக்கத்து மேசையில் கடன் வாங்கலாம், ஆனால் இரண்டு நோட்டிலும் எழுத வேண்டும். எழுதாத கடன் களவுக்குச் சமம்.

கடைசி வரி என் அப்பத்தாவுடையது. ஆத்தாவின் அந்தக் காலத்துக் கணக்கு நோட்டை நான் பார்த்திருக்கிறேன். நீளவாக்கில் மடித்த தாள். ஒவ்வொரு பக்கத் தலையிலும் ஒரு பிள்ளையார் சுழி, அடியில் சிவமயம். பிறகு பென்சிலில் புளி, மல்லி, மண்ணெண்ணெய் என்று வரிசையாகப் போகும். நடுவில் ஓர் இடத்தில் "அத்தையிடம் வாங்கின துவரம்பருப்பு அரைப்படி". எதிரே வேறு கையெழுத்தில், பேனா மையில், "வந்தது". அப்பத்தாவின் கையெழுத்து. மருமகள் திருப்பிக் கொடுத்த அரைப்படிப் பருப்புக்கு மாமியார் ரசீது போட்டிருக்கிறார்கள். இருவரும் அன்று மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து தாயம் விளையாடியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

லெஸ்டர் பிள்ளைகள் அடுத்தடுத்த திங்கட்கிழமைகளில் இதை விடவே இல்லை. ஒரு ஜோடி முதல் வாரமே பணம் முழுவதையும் வறுத்த கோழிக்கு விட்டது. ஒரு பெண் பக்கத்து மேசைக்குக் கடன் கொடுத்துவிட்டு வட்டி போட்டாள். அதுவும் நாள் கணக்கில். அவள் போலந்துக்காரி, ஆனால் நகரத்தார் ஊரான கண்டனூரில் பிறந்திருக்க வேண்டியவள். கெமிஸ்ட்ரி வகுப்பில் சமன்பாட்டைச் சமன்செய்யத் திணறுகிற பையன், வரவும் பற்றும் சேராமல் ஐந்தொகை இடிக்கிறது என்று இடைவேளையிலும் நோட்டோடு உட்கார்ந்திருந்தான். சக ஆசிரியை ஒருவர் ஸ்லைடு கேட்டார். ஸ்லைடு இல்லை, அப்பத்தாதான் என்று எப்படிச் சொல்வது?

இப்போதெல்லாம் நான் நன்றாகவே ஊன்றிவிட்டேன். பெல்கிரேவ் ரோட்டில் முருங்கைக்காய் எந்தக் கடையில் நீளம் என்று தெரியும். நாலு மணிக்கே இருட்டுகிற டிசம்பரும் பழகிவிட்டது. அந்த டிசம்பரில் ஒரு சாயங்காலம் ஆய்வுக்கூட அடுப்பு பற்றவைக்க அபாய மதிப்பீட்டுப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். தீ, தலைமுடி, கண்ணாடி, அருகில் தண்ணீர் என்று கட்டம் கட்டமாக டிக் அடித்துக்கொண்டே வந்தபோதுதான் அன்றைக்குப் பிள்ளையார் நோன்பு என்று உறைத்தது. ஊரில் இருபத்தோர் இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி, எரிய எரிய வாயில் போட்டு விழுங்கிக்கொண்டிருப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளை முதல் எண்பது வயது ஆச்சி வரை, எந்தப் படிவமும் இல்லாமல். பேனாவை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கருப்பட்டிப் பணியாரம் வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது.

வேலை வழிகாட்டுதல் பாடத்துக்கு வருகிறேன். இதற்குப் பள்ளிகளுக்கு எட்டு அளவுகோல் இருக்கிறது, காட்ஸ்பி அறக்கட்டளை 2014-ல் வகுத்தது. முதலாளிகளைச் சந்திக்கவைக்க வேண்டும், வேலையிடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும், 16 வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஓர் ஆலோசகரிடம் பேச வாய்ப்புத் தர வேண்டும். வகுப்பு மூலையில் ஓர் அட்டைப்பெட்டி உண்டு. பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடலாம். பாதிக்குப் பாதி குறும்பாக இருக்கும். அன்றைக்கு ஒரு சீட்டில், "அப்பாவின் கடை எனக்கு வேண்டாம் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது?" என்று இருந்தது.

வாசித்தேன். குஜராத்திப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் மேசையைப் பார்த்தார்கள். எவன் எழுதியது என்று கண்டுபிடிக்கவும் கூடாது.

என் ஐயாவுடைய அப்பச்சி, அதாவது தாத்தாவின் அப்பா, பதின்மூன்று வயதில் கப்பலேறி ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். கடை கூட்டினார், ஏவின வேலை செய்தார், இரவில் பேரேடு எழுதப் பழகினார். மூன்று வருஷம் ஒரு கணக்கு. முடிந்தால் ஊர், பிறகு மறுபடி கப்பல். ஏஜெண்டுக்கு அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாகி, 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தார். நகரத்தார் பிள்ளை கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டி வியாபாரத்துக்கு, போகாமல் வேறென்ன செய்வான்? இந்த லெஸ்டரில் பதின்மூன்று வயதுப் பிள்ளை பள்ளி நடக்கும் காலத்தில் வாரம் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் சட்டம் விடாது.

அவர் ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்கள் சில எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்தன. அரிசி விலை, வட்டி விகிதம், இன்னார் புறப்பட்டுவிட்டார், இன்னாருக்கு அம்மை, இவ்விடம் சுகம், அவ்விடம் சுகத்துக்கு எழுதவும். அத்தனையிலும் அந்தப் பையனுக்கு அந்த வேலை பிடித்ததா என்று ஒரு வரி கிடையாது. பிடிக்கவில்லை என்றும் கிடையாது. என் அப்பச்சியிடம் ஒருமுறை கேட்டேன். "பிடிக்காம என்ன?" என்றார்கள். அதற்குமேல் அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. எங்கள் வீட்டுப் பெண்களுக்கோ அந்தக் கப்பலும் இல்லை, பேரேடும் இல்லை. அரைப்படிப் பருப்புக் கணக்குத்தான்.

"எனக்குத் தெரிந்த ஒரு பையன்" என்று இதை வகுப்பில் சொன்னேன். சீட்டு எழுதியவனுக்குப் பதில் இதில் இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. ஆலோசகர் எந்த அறையில், எந்த நாளில் இருப்பார் என்று பலகையில் எழுதினேன். கடையை வெறுக்கிறானா, அப்பாவோடு நிற்பதை வெறுக்கிறானா என்று முதலில் அவனே பிரித்துப் பார்க்கட்டும் என்றேன். வேண்டாம் என்பதோடு, வேண்டியது எது என்பதையும் எழுதிக்கொண்டு அப்பாவிடம் போகட்டும் என்றேன். மணியடித்தது. அடுத்த வாரம் பெட்டியில் அந்தக் கையெழுத்து வரவில்லை.

ஊருக்கு ஞாயிறு மத்தியானம் போன் போடுவது வழக்கம். என்ன நடத்துகிறாய் என்றால் கெமிஸ்ட்ரி என்றே சொல்லி வந்தேன். இந்த முறை வேறு வைத்த கதையைச் சொல்லிவிட்டேன். ஆத்தாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அடுப்பு எது, அரிசி என்ன விலை, யார் சிக்கனம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்கள்.

"கடைசில எல்லாருக்கும் கணக்கு நேராச்சா?"

"ஒரு ஜோடிக்கு மட்டும் மூணு பவுண்டு இடிக்குது ஆத்தா. போகட்டும்னு விட்டுட்டேன். அடுத்த வாரம் வேற பாடம்."

"ஏத்தா, மூணு பவுண்டு எங்க போச்சுன்னு பார்க்காம வேற பாடத்துக்குப் போவியா?" என்றார்கள். "நாளைக்கு அந்த நோட்டை வாங்கி, கூட்டிப் பார்த்துட்டு எனக்குப் போன் போடு."