லாஸ் வேகாஸ் நாட்குறிப்பு: நான்கு நாள், ஓர் உறைப் பணம்

ஜூன் 19, 2025, வியாழன் இரவு

விடுமுறை நாள் என்பதால் பார்ஸ்டோவைத் தாண்டும்வரை வண்டி ஊர்ந்தது. திருச்சியிலிருந்து வந்திருக்கும் அக்கா பாலைவனத்தைப் பார்த்தபடியே வந்தாள். அறைக்கு வந்ததும் உறையில் 800 டாலர் எண்ணி வைத்தேன். போக்கர் சீட்டாட்டத்துக்கு இவ்வளவுதான். அட்டையைத் தொடுவதில்லை, ஏ.டி.எம். பக்கம் போவதுமில்லை.

“முழுவதும் போய்விட்டால்?” என்று அக்கா கேட்டாள்.

“போய்விட்டால் உன்னோடு ஊர் சுற்றுவேன்.”

“அப்படியென்றால் போகட்டும்.”

ஜூன் 20, வெள்ளி

காலை 11 மணிக்கு, சூதாட்ட விடுதிகள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் தெருவில் ஒரு விடுதியின் தினசரிப் போக்கர் போட்டி. பெயர் வேண்டாம், இப்படிப்பட்டவை இந்தத் தெருவில் நிறைய இருக்கின்றன. நுழைவு 100 டாலர். கட்டணச் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் பிரித்துப் போட்டிருந்தார்கள்: பரிசுக்கு 74, விடுதிக்கும் ஊழியர்களுக்கும் 26. ஆடத் தொடங்கும் முன்பே கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. 2024ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் தலைமைப் போட்டிக்கு நுழைவு 10,000 டாலர், அதில் 9,300 பரிசுக்குப் போனது. நூறு டாலர் கட்டுகிறவரிடம் நூற்றுக்கு 26, பத்தாயிரம் கட்டுகிறவரிடம் நூற்றுக்கு 7. சீட்டுப் போடும் டீலரின் சம்பளமும் இட வாடகையும் இரண்டு இடத்திலும் உண்டு, சிறிய தொகையில் அவை பெரிதாகத்தான் தெரியும். அது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கணக்கு தெரியாமல் உட்காருகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கட்டணத்தைக்கூடப் பொறுக்கலாம், வேகத்தைப் பொறுக்க முடியவில்லை. பந்தயம் வைக்கும் வில்லைகளான சிப் 15,000 கணக்கில் கையில் கொடுத்தார்கள். சிறியது, பெரியது என இரண்டு கட்டாயப் பந்தயங்களான பிளைண்ட் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறியது. மேசையில் ஒரு மணிக்கு முப்பது ஆட்டம் நடந்தாலே அதிகம். அப்படியானால் ஒரு நிலையில் ஏழெட்டு முறைதான் சீட்டு வரும். இரண்டரை மணி நேரத்தில் 34 பேரில் 14 பேர் மிஞ்சினோம். சராசரிக் கையிருப்பு 36,000, பெரிய பிளைண்ட் 3,000. அந்த இடத்தில் எதிராளியைக் கவனித்ததற்கோ பொறுத்திருந்ததற்கோ பயன் கிடையாது. நல்ல சீட்டு வந்தால் எல்லாவற்றையும் முன்னே தள்ள வேண்டும், இல்லாவிட்டால் சீட்டை மடக்கி விலக வேண்டும். எனக்கு ஏஸும் ராஜாவும் வந்தன, தள்ளினேன். எதிரில் இரட்டை ஏழு. வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஏழு நின்றது, நான் எழுந்தேன்.

தோற்றதில் வருத்தமில்லை. சிந்திக்க ஆசைப்பட்டு வருகிறவரிடம் காசு வாங்கிக்கொண்டு சிந்திக்க நேரம் தராமல் அனுப்புவது சரியில்லை என்றே நினைக்கிறேன். போட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பரிசுப் பலகையைவிட, பிளைண்ட் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஏறுகிறது என்ற அட்டவணையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எந்த விடுதியிலும் கேட்டால் ஒரு தாளில் தருவார்கள்.

ஜூன் 21, சனி

பகலில் அக்காவை ஹார்ஸ்ஷூவுக்கும் பாரிஸுக்கும் அழைத்துப் போனேன். உலகப் போக்கர் தொடர் இவ்விரண்டு விடுதிகளிலும் நடக்கிறது. ஒவ்வொரு போட்டியிலும் வெல்பவருக்கு ஒரு தங்கக் காப்பு, இந்த ஆண்டு 100 காப்புகளுக்கு ஆடுகிறார்கள். வேடிக்கை பார்க்கக் கட்டணம் இல்லை, கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கலாம். நூற்றுக்கணக்கான மேசைகள், ஆயிரக்கணக்கான விரல்கள் சிப்பை உருட்டிக்கொண்டே இருக்கின்றன. மழைக்கால இரவில் வயற்காட்டிலிருந்து வரும் பூச்சிகளின் இரைச்சல்தான் அந்த மண்டபத்தின் ஒலி. “இத்தனை பேரில் ஒருவர்கூடப் பேசவில்லையே” என்று அக்கா வியந்தாள்.

1970இல் நகரின் பழைய பகுதியில், ஃப்ரீமான்ட் தெருவில் இருந்த பினியன்ஸ் ஹார்ஸ்ஷூவில் இது தொடங்கியபோது ஒரு கைப்பிடி ஆட்டக்காரர்கள்தான் இருந்தார்கள். முதல் ஆண்டு வெற்றியாளரான ஜானி மாஸை அவர்கள் வாக்களித்தே தேர்ந்தெடுத்தார்கள். 2003இல் தலைமைப் போட்டிக்கு 839 பேர் வந்தார்கள். அந்த ஆண்டு கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் 86 டாலர் தகுதிச் சுற்று ஒன்றில் தொடங்கி 25 லட்சம் டாலர் வென்றார். சென்ற ஆண்டு வந்தவர்கள் 10,112 பேர். சிறு போட்டிக்கு வரிசையில் நிற்கிற ஒவ்வொருவர் மனத்திலும் அந்த 86 டாலர் இருக்கிறது. என் மனத்திலும் இருக்கிறது.

பெண்களுக்கான போட்டியைப் பற்றியும் சொன்னேன். அதன் நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், பெண்களுக்கு நூற்றுக்கு 90 தள்ளுபடி. ஆண்களைச் சட்டப்படி தடுக்க முடியாது. 2010இல் சிலர் வேண்டுமென்றே வந்து உட்கார்ந்தார்கள். 2013இல் இந்தத் தள்ளுபடி வழியைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. யாரோடும் சண்டையிடாமல், கட்டணப் பலகையில் ஒரு வரி மாற்றி, ஒரு மண்டபத்தையே பெண்களுக்கு மீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சாதாரண மேசையில் ஒன்பது பேரில் நான் ஒருத்திதான் பெண்ணாக இருப்பேன். “கண்ணு, உனக்கு ஆட்டம் தெரியுமா?” என்கிற தொனியில் யாராவது ஒருவர் விதி சொல்லிக் கொடுக்க வருவார். அது இல்லாத ஒரு நாளுக்கு ஆயிரம் டாலர் தரலாம்.

மாலையில் பண மேசை, அதாவது சிப்பே பணமான ஆட்டம், 1-3 டாலர் பிளைண்ட். 300 டாலருக்குச் சிப் வாங்கி உட்கார்ந்தேன். பண மேசையில் பிளைண்ட் ஏறாது. பிடிக்காத சீட்டை மடக்கிக்கொண்டே இருக்கலாம், வேண்டும்போது எழுந்து போகலாம். அதற்கும் விலை உண்டு: நடுவில் சேரும் பணத்திலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் விடுதி நாலைந்து டாலர் வரை எடுத்துக்கொள்கிறது. மணிக்கு முப்பது ஆட்டம் என்று வைத்தால் மேசையிலிருந்து ஏறத்தாழ 100 டாலர் போகிறது, ஆளுக்குப் பதினொன்று. வென்றால் டீலருக்கு ஒரு டாலர் தனி. புன்னகை மாறாமல் சீட்டுப் போடும் அவர்களுக்கு அதைக் கொடுக்க நான் தயங்கியதே இல்லை.

முதல் ஒரு மணி நேரம் ஏறக்குறைய எல்லாவற்றையும் மடக்கினேன். என் இடப்பக்கத்தில் படைவீரர் தொப்பி அணிந்த முதியவர். அவரும் மடக்கிக்கொண்டே இருந்தார். பிறகு அவர் 15 டாலருக்கு ஏற்றினார். என்னிடம் இரட்டை எட்டு, அதே தொகை வைத்து ஈடு கொடுத்தேன். இன்னொருவரும் சேர்ந்தார். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் திறக்கும் ஐந்து சீட்டில் முதல் மூன்று: ராஜா, எட்டு, மூன்று. கையில் இரட்டை இருக்கும்போது முதல் மூன்று சீட்டில் அதே எண் மூன்றாவதாகக் கிடைக்க வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டுதான். அவர் 20 வைத்தார், மற்றவர் விலகினார், நான் ஈடு கொடுத்தேன். அடுத்த சீட்டின் எண் இரண்டு. அவர் 50 வைக்க, நான் 130 ஆக்கினேன். நெடுநேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஈடு கொடுத்தார். கடைசிச் சீட்டு ஒன்பது. மிச்சமிருந்த 135ஐயும் வைத்தேன். ஏஸையும் ராஜாவையும் திறந்து காட்டிவிட்டு மடக்கினார்.

“ஒரு மணி நேரமாக நீங்கள் எதிலும் இறங்கவில்லை” என்றார். என் பொறுமையை அவ்வளவு கவனமாகப் படித்திருந்தார். வாழ்த்துப் போலத்தான் எனக்குக் கேட்டது. இரவு 410 டாலரோடு எழுந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

250 டாலர் போட்டி. பரிசுக்கு 205, கையில் 25,000 சிப், நிலைக்கு 30 நிமிடம். 61 பேர், எட்டுப் பேருக்குப் பரிசு. இதைத்தான் தேடி வந்தேன். முதல் மூன்று மணி நேரத்தில் மேசையில் யார் யார் எப்படி ஆடுகிறார்கள் என்று மனத்தில் படிந்துவிட்டது. தூய வெள்ளைச் சட்டைக்காரர் பொய்ப் பந்தயம் வைக்கும் முன் தண்ணீர் குடிப்பார். இரண்டாம் இருக்கைப் பெண்மணி வைத்தால் உண்மை.

பன்னிரண்டு பேர் மிஞ்சினோம். பெரிய பிளைண்ட் 5,000, என்னிடம் 70,000. அந்தப் பெண்மணி முதல் ஆளாக, தன்னிடம் இருந்த அத்தனை சிப்பையும் முன்னே தள்ளினார். என்னிடம் ஏஸும் ஜாக்கியும், பார்க்க அழகான சீட்டு. ஆனால் ஒரு மணி நேரமாக வாய் திறக்காதவர், பின்னால் இத்தனை பேர் இருக்கும்போது தள்ளுகிறார் என்றால் ஏஸ்-ராணி, ஏஸ்-ராஜா, பெரிய இரட்டை. இவை எல்லாவற்றிடமும் நான் பின்தங்கியிருப்பேன். நான்கு பேர் வெளியேறினால் பரிசு. மடக்கினேன். எல்லோரும் மடக்கினார்கள். அவர் சீட்டைத் திறக்காமலே டீலரிடம் தள்ளிவிட்டார். என்ன வைத்திருந்தார் என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. போக்கரில் எனக்குப் பிடித்ததும் உறுத்துவதும் இதுதான்: நன்றாக யோசித்து எழுதிய விடைத்தாளுக்குப் பெரும்பாலும் மதிப்பெண் வருவதில்லை.

பிளைண்ட் 6,000 ஆனது. 58,000 வைத்திருந்தபோது இரட்டைப் பத்து வந்தது, தள்ளினேன். வெள்ளைச் சட்டைக்காரர் ஏஸ்-ராணியோடு ஈடு கொடுத்தார். நூற்றுக்கு 57 என் பக்கம். நான்காவது சீட்டாக ராணி விழுந்தது. பத்தாம் இடம். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். அந்தப் பெண்மணியும் “நன்றாக ஆடினீர்கள்” என்றார்.

ஆறு மணி நேரத்துக்கு மேல் வேறெதையும் நினைக்காமல் உட்கார்ந்திருந்தேன். 250 டாலர் அதற்குத் தகும்.

ஜூன் 23, திங்கள்

கணக்கு: வெள்ளி 100 போனது, சனி 110 வந்தது, ஞாயிறு 250 போனது. உறையில் 560 மீதி. அதை வீட்டுச் செலவில் சேர்க்கப்போவதில்லை. அடுத்த கோடையில் பெண்கள் போட்டிக்கு ஆயிரம் டாலர் வேண்டும், இன்னும் 440 சேர்க்க வேண்டும். அக்காவிடம் சொன்னேன். “நூறு என் பங்கு. ஜெயித்தால் பத்தில் ஒன்று எனக்கு” என்றாள். போக்கர்காரர்கள் ஒருவருக்கொருவர் பங்கு விற்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று புரியவில்லை. நூறு டாலரை வாங்கி உறையில் வைத்துவிட்டேன்.