அந்த மாட்டுக் காலெலும்பு

இங்கிலாந்துல வீடு கட்டறதுக்கு முன்னாடி ஒரு ரோமானியர் காலத்துப் பண்ணைய அகழாய்வு பண்ணினோம், அந்த ரிப்போர்ட்ல நான் போட்டது ஒரே ஒரு வார்த்தை. பண்ணை கி.பி. நாலாம் நூற்றாண்டுக் கடைசியில "அபேண்டன்ட்", அதாவது கைவிட்டுட்டாங்கன்னு. அது போயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த மேட்டுல இப்ப வீடு கட்டி ஆளே குடி வந்தாச்சு, எனக்கு மட்டும் அந்த வார்த்தை தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது.

அன்னைக்கு கடைசி ஸ்லாட், அதாவது பண்ணையோட பழைய அகழியக் குறுக்கா வெட்டிப் பாக்கற குழி. அகழியோட மேல் மண்ணு கருப்பா ஒரு முழம் இருக்கும், அதுல ஒரு ஓடு கிடையாது, ஒரு காசு கிடையாது. அதுக்குக் கீழதான் வழக்கமா வர்றதெல்லாம், டோர்செட் பக்கத்துக் கருப்புப் பானை, நியூ ஃபாரஸ்ட் சூளையில சுட்ட கிண்ணம், ஆணி. என்கூட இருந்த பொண்ணு, வேலைக்கு வந்து மூணு மாசம்தான், மேல் மண்ணுல ஒரு மாட்டுக் காலைச் சுத்தம் பண்ணிட்டு என்னைக் கூப்பிட்டா.

"பாருங்க, மூட்டு மூட்டா வரிசை கலையாம இருக்கு. தசைநாரு இருக்கும்போதே போட்டிருக்காங்க, வேற எங்கேர்ந்தும் புரண்டு வந்த எலும்பில்ல. எத்தனை வருஷம் பழசுன்னு பாக்க இதை ரேடியோகார்பன் சோதனைக்கு அனுப்பலாமே?"

"இந்த லேயர்ல பானையே இல்லம்மா, ஆளு போனதுக்கப்புறம் சேர்ந்த மண்ணு. பையில போட்டு லேபிள் எழுது, மண்ணு வார்ற மெஷின் காத்து நிக்குது."

"பானை இல்லன்னா ஆளும் இல்லன்னு எப்படி சொல்றீங்க?"

நான் பதில் சொல்லல. மதியத்துக்குள்ள முடிக்கணும்னு மட்டும் சொல்லிட்டு நகந்துட்டேன்.

அவ கேட்டதுதான் இந்தத் துறையோட பெரிய கேள்வின்னு எனக்கு அன்னைக்கே தெரியும், அதுதான் உறுத்துது. பிரிட்டனுக்குப் புது ரோமானியக் காசு வர்றது 402 வாக்கில கிட்டத்தட்ட நின்னுபோச்சு, கொஞ்ச நாள்லயே பெரிய பானைச் சூளைகளும் அணைஞ்சுது. அதுக்கப்புறம் அதே குடும்பம் அதே வயல்ல அதே மாட்ட வச்சு உழுதிருந்தாலும், மரக் கிண்ணத்துல சாப்பிட்டு தோல் பையில தண்ணி கொண்டு போயிருந்தா பானையையும் காசையும் வச்சே காலம் சொல்ற நம்ம கண்ணுக்கு அவங்க இல்லாத ஆளுங்கதான். நாங்க தோண்டின தானியம் காயவைக்கிற சூளையில களிமண்ணு கடைசியா ஒரு தடவை புதுசா பூசியிருந்துச்சு. விட்டுட்டுப் போறவங்க எதுக்கு பூசுறாங்க? இதையும் ரிப்போர்ட்ல எழுதினேன், ஆனா ரிப்பேர்னு ஒரே வரியில.

என் பக்கமும் நியாயம் இருக்கு. வீடு கட்டற இடத்துல நமக்குக் கிடைக்கிறது முன்னாடியே ஒத்துக்கிட்ட அளவு, அகழியில பத்து சதவீதம், அவ்வளவுதான், மீதிய யாரும் தோண்டச் சொல்லல. தேதி பாக்கறதுக்கு ஒதுக்கின காசும் கீழ் லேயருக்கே தீந்துபோச்சு. அனுப்பியிருந்தாலும் அந்தக் காலத்துக்கு ரேடியோகார்பன் தேதி அகலமாத்தான் வரும், நூறு வருஷத்துக்கு மேல இழுக்கும், அதை வச்சு பெருசா என்ன சொல்லியிருக்க முடியும்? இப்படியெல்லாம் சொல்லிக்கிறேன், அப்புறம், குறைஞ்சபட்சம் "கைவிட்டாங்க"ன்னு எழுதாம "இதுக்கு மேல தெரியல"ன்னு எழுதியிருக்கலாமேன்னு தோணுது. அதுக்கு ஒரு பைசா செலவு இல்ல.

இதை நினைச்சு தூக்கம் வராத ராத்திரிகள்ல பிட்-ரிவர்ஸ் ஞாபகம் வர்றார், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொல்லியல் ஆய்வாளர். தெற்கு இங்கிலாந்துல க்ரான்போர்ன் சேஸ் பகுதியில, வுட்கட்ஸ்ங்கிற இடத்துல, 1884-85ல இதே மாதிரி ஒரு பண்ணைய முழுசா தோண்டினார். அவர் ஒரு ஊர்னு மொத்தமா காட்டினதை, அவர் செத்து 47 வருஷம் கழிச்சு 1947ல கிறிஸ்டோஃபர் ஹாக்ஸ்ங்கிற இன்னொரு ஆய்வாளர் ஒரே பண்ணையோட மூணு காலகட்டமா பிரிச்சு காட்டினார். புதுசா தோண்டாமலே, பழைய பதிவ வச்சே. எந்தப் பொருள் எங்க எந்த ஆழத்துலன்னு அவ்வளவு துல்லியமா எழுதி வச்சிருந்த மனுஷன், மாட்டெலும்பு ஆட்டெலும்ப ஒப்பிட்டுப் பாக்கறதுக்காகவே அவர் காலத்து விலங்குகள வெட்டி அளந்தவர். அவர் தப்பா புரிஞ்சிருந்தாலும் இன்னொருத்தர் திருத்தறதுக்கு வழி விட்டார். நான் எழுதினத எதை வச்சுத் திருத்துவாங்க? மீதி தொண்ணூறு சதவீதம் மெஷின்ல போயிடுச்சு, மேல இப்ப தார் ரோடு.

அந்தப் பொண்ணு இப்ப வேற ஊர்ல வேற டீம்ல இருக்கா. மறுபடி ஒரு தடவை பார்த்தோம், அதைப் பத்தி அவளும் கேக்கல, நானும் எடுக்கல. அவளுக்கு ஞாபகம் இருக்கான்னே தெரியல, நான் மட்டும்தான் பெருசாக்குறேனோ என்னமோ.

ஆனா எலும்பு இருக்கு. மியூசியம் ஸ்டோர்ல ஒரு அட்டைப்பெட்டியில, அவ கையெழுத்துல எழுதின லேபிளோட. ஒரு சின்னத் துண்டு வெட்டி அனுப்ப சில நூறு பவுண்டு ஆகும், என் சொந்தக் காசுல கட்டலாம், அனுமதி கேட்டு ஒரு மெயில் போடணும். ரெண்டு தடவை எழுதி டிராஃப்ட்லயே வச்சிருக்கேன். தேதி முந்நூத்தி எண்பதுன்னு வந்தா நான் எழுதினத அது பொய்யாக்காது, அஞ்சாம் நூற்றாண்டு நடுவுலன்னு வந்தா நான் ஒரு குடும்பத்த அவங்க வீட்டுல இருக்கும்போதே இல்லன்னு எழுதிட்டேன். எதுக்கு பயப்படறேன்னு எனக்கே சரியா புரியல.