சேரின் கறுப்பு நூல்

எங்கள் கணித சேரின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கறுப்பு நூல் இருக்கும். ஏ.எல். (உயர்தர) வகுப்பில் ஒருநாள் வரைபுத்தாளில் மூன்று நிலைக்குத்துக் கோடுகள் கீறினார். இடது கோட்டில் ஒரு பொருளின் அகலம், மீற்றரில். வலது கோட்டில் அது கண்ணுக்குத் தெரியும் கோணம், மில்லில். 1000 மீற்றருக்கு அப்பால் 1 மீற்றர் அகலம் தெரியும் கோணம்தான் ஒரு மில். நடுக்கோட்டில் தூரம்.

"மடக்கை அட்டவணையை மூடி வையுங்கோ" என்றார். நூலை இடப்பக்கம் 3 இலும் வலப்பக்கம் 6 இலும் இழுத்துப் பிடித்தேன். நடுவில் அது 500 ஐத் தொட்டது. 3 மீற்றர் அகல லொறி 6 மில்லில் தெரிந்தால் 500 மீற்றரில் நிற்கிறது. மடக்கையில் பெருக்கல் கூட்டலாகும், வகுத்தல் கழித்தலாகும். கோடுகள் மடக்கைப்படி பிரிக்கப்பட்டிருந்ததால் அந்தக் கூட்டல் கழித்தலை நூலே செய்துவிட்டது. "இது பீரங்கிக்காரரின் கணக்கு, தம்பி" என்றார் சேர். அதற்கு மேல் சொல்லவில்லை.

மிச்சத்தைப் பரிஸுக்கு வந்த பிறகுதான் படித்தேன். அந்தத் தாளுக்குப் பெயர் நோமோகிராம். 1840 களில் லியோன் லலான் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் மடக்கை அளவுகளால் வரைபடங்கள் செய்தார். ரயில் பாதைக்கு எவ்வளவு மண் வெட்ட வேண்டும், எவ்வளவு நிரப்ப வேண்டும் என்பதற்கு அவை உதவின. ஆனால் அவற்றில் கோடுகள் வலைபோலப் பின்னிக் கிடக்கும். 1884 இல் மோரிஸ் டொக்கான் என்ற இளம் பொறியியலாளர் அந்த வலையையே நீக்கிவிட்டார். மூன்று அளவுகோல்கள், குறுக்கே ஒரு நேர்கோடு, அவ்வளவுதான். அப்போது அவருக்கு 22 வயது. முதலாம் உலகப் போரில் பிரெஞ்சுப் பீரங்கிப் படைக்கும் இத்தகைய தாள்கள் போயின. காற்று, வெப்பநிலை, வெடிமருந்தின் சூடு எல்லாமே குண்டு விழும் இடத்தை மாற்றும். சேற்றுக்குள் நின்று மடக்கை பார்க்க எவருக்கு நேரம்?

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு முற்றம்தான் ஞாபகம் வந்தது. போர்க்காலத்தில் இரவில் பீரங்கி வெளிச்சம் வானத்தில் அடித்ததும் அம்மா எண்ணத் தொடங்குவா. மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் என்று அவவுக்குச் சொன்னது நான். எனக்குச் சொன்னது சேர். ஒன்பது எண்ணிச் சத்தம் கேட்டால் மூன்று கிலோமீற்றர். அந்தத் தாள்களின் அழகு என்னை இன்றும் மயக்குகிறது. ஆனால் நடுக்கோட்டில் நூல் தொடும் எண் யாரோ ஒருவரின் முற்றம் என்பது பீரங்கிச் செல் விழுந்த ஊர்க்காரனுக்கு மறக்காது.

சென்ற வருடம் சேன் ஆற்றங்கரையில் பழைய புத்தகப் பெட்டிகளைக் கிளறிக்கொண்டு நின்றேன். ஒரு பொறியியல் கையேட்டுக்குள் மடித்து வைத்த தாள் ஒன்று. விரித்தால் அதே மூன்று கோடுகள். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கடைக்காரரிடம் நூல் இருக்கிறதா என்று கேட்டேன். புத்தகக்கட்டில் இருந்த சணலில் ஓர் இழையை உருவித் தந்தார்.